வெண்பா தொங்கிய சுண்ணாம்புப் பானை

முன்னொரு காலத்தில் கொற்றையூர் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டில் மழை பெய்ததோ இல்லையோ, அரண்மனைக்கு வெள்ளையடிப்பது மட்டும் நின்றதில்லை. சுண்ணாம்புக் கொட்டகைக்குத் தலைவி குருவம்மா. "சுவரில் என் முகமே தெரிகிறதே" என்று ராஜா ஒருநாள் அவளைப் புகழ்ந்துவிட்டார். போதாதா? ஆஸ்தானப் புலவர் செஞ்சொற்கடல் திருமேனியாருக்கு வயிறு எரிந்தது.

கொட்டகையில் கரைத்த சுண்ணாம்பும் மோரும் ஒரே மாதிரிப் பானையில்தான் இருக்கும். யாருக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் பானைக் கழுத்தில் கயிறு கட்டுவாள் குருவம்மா. மோருக்கு ஒரு முடிச்சு, சுண்ணாம்புக்கு மூன்று. புலவர் வந்து மூக்கைச் சுளித்தார். "அரண்மனைப் பானைக்குக் கயிறா? அசிங்கம்." அத்தனையையும் அறுத்தெறிந்தார். சுண்ணாம்பின் ஆபத்தை வெண்பாவாகச் செப்புத் தகட்டில் பொறித்துச் சுண்ணாம்புப் பானைக் கழுத்தில் மாட்டினார். அடடா, என்ன தமிழ்! சுண்ணாம்பு என்ற சொல்லே அதில் கிடையாது.

மறுநாளே கொத்தனார் மொக்கையன், தகடு ஏதோ அலங்காரம் என்று எண்ணி, மோரென்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டான். வாய் வெந்து, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தான்.

சபையில் புலவர் முந்திக்கொண்டார். "எச்சரிக்கை இருந்தும் குடித்திருக்கிறான். ஆட்களை அடக்கத் தெரியாத தலைவியின் குற்றம், அரசே."

ராஜாவுக்கு யோசிப்பதென்றால் தலைவலி. "இவளை நாடுகடத்துங்கள்" என்றார்.

குருவம்மா கைகூப்பினாள். "போறேன் மகாராசா. அதுக்கு முன்னாடி புலவரய்யா அந்தப் பாட்டை உரையோட ஒரு தடவை சொல்லட்டும். என் தப்பு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

கேட்கவா வேண்டும்? நாலடிப் பாட்டுக்கு நாலு நாழிகை உரை. தொண்டை வறண்டு, "மோர்" என்றார் புலவர். குருவம்மா இரண்டு பானைகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றின் கழுத்தில் ஒரு முடிச்சு, மற்றதில் மூன்று.

"எச்சரிக்கை கட்டியிருக்கு. பாத்துக் குடிங்க சாமி."

புலவர் மாறி மாறிப் பார்த்தார். "இது எனக்கெப்படித் தெரியும்?"

"எங்க கொட்டகையில கண்ணு தெரியாத கிழவன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லுவான். செஞ்சொற்கடலுக்குத் தெரியலையா?"

"தப்பாகக் குடித்தால் வாய் வெந்துவிடுமே, பாவி."

"மொக்கையனுக்கும் அதே வாய்தான் சாமி."

குருவம்மா இரண்டு பானையிலும் மொண்டு தானே குடித்தாள். "ரெண்டும் மோருதான். பாட்டெழுதி ஆளைச் சாகடிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு பத்தாது."

ராஜாவின் முகம் சிவந்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தாராம். நாடுகடத்தலை ரத்து செய்தார். மொக்கையனுக்கு அரண்மனை வைத்தியரை அனுப்பினார். குருவம்மாவுக்குப் பட்டும் பொன்னும் கொடுத்தார். புலவரை மறப்பாரா? அவருக்கும் ஒரு பதவி. தினமும் காலையில் கொட்டகையில் நின்று ஆபத்தைச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் அதைத் திருப்பிச் சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு.

முதல் நாள் வெண்பாவில் ஆரம்பித்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, பட்டினி. இரண்டாம் நாள் உரையோடு சொன்னார், பட்டினி. மூன்றாம் நாள் பானையைக் காட்டி, "இது சுண்ணாம்பு. குடிச்சா வாய் வெந்துரும்" என்றார். கொட்டகையே ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. குருவம்மா அவருக்கு இலை போடச் சொன்னாள். இத்தனை வருஷம் பாடிக் கிழித்ததில், அவர் சொன்னது ஊருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.