தலையாட்டிப் பொம்மைக்குப் புரிந்த நூல்

வெண்ணாவல் நாட்டு அரண்மனையில் எந்தப் புது நூலும் லேசில் அரங்கேறிவிடாது. நூல் யாரைப் பற்றியதோ அவர் புலவருக்கு எதிரே உட்கார வேண்டும். முழுக்கக் கேட்டு, புரிந்தது என்று தலையாட்ட வேண்டும். அப்புறம்தான் நூல் தங்கப் பேழைக்குள் போகும். போனால் போனதுதான், அடுத்த ராஜா பட்டத்துக்கு வரும்வரை பூட்டைத் திறக்க மாட்டார்கள். ராஜாவைப் புகழும் நூல் என்றால் வம்பே இல்லை, முதல் வரியிலேயே ராஜா தலையாட்டிவிடுவார். யானை வைத்திய நூலுக்கு யானையையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். யானைக்கு எந்நேரமும் தலையாட்டுவதுதானே வேலை, அதுவும் சுளுவாக முடிந்தது.

இந்த முறை வந்தது கால் இழந்தவர்களைப் பற்றிய நூல். அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் நாற்பது பேரோடு மூன்று வருஷம் கூடவே இருந்து, மரக்காலை எப்படிக் கட்டினால் வலிக்காது, எப்படிப் பழகினால் நடை வரும் என்று கண்டுபிடித்திருந்தார். அதை வாங்கிச் செய்யுளாக்கியவர் ஆஸ்தானப் பண்டிதர் தண்டபாணி. செய்யுள் என்றால் சாதாரணச் செய்யுள் இல்லை. வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள் காலையில் அரண்மனை விகடகவி ஆவுடையான் வீட்டுக்குக் கோலூன்றி வந்தாள் குயவர் தெருப் பூவாயி. ராஜாவிடம் எதையும் சொல்லிவிட்டுத் தலை தப்பி வருகிற ஒரே ஆள் ஆவுடையான்தான் என்று ஊருக்கே தெரியும்.

“சூளைச் சுவர் இடிஞ்சு என் கால் போனது உங்களுக்குத் தெரியும் சாமி. வைத்தியர் என்னையும்தான் மூணு வருஷம் பாத்தாரு. நூல் முடிஞ்சதும் எல்லாம் சொல்றேன்னாரு. இப்பக் கேட்டா, அரங்கேறாம வாயைத் திறக்கக் கூடாதுன்னு பண்டிதர் உத்தரவாம். நாளைக்குப் பேழையில வச்சுப் பூட்டிட்டா நான் எங்க போய்க் கேப்பேன்? மரக்காலை மாட்டினா உயிர் போற வலி. ஏரிக்கு நடந்து மண்ணு எடுக்க முடியல. வீட்டுல கெடந்த கடைசி மண்ணுல அந்தப் பண்டிதருக்குத்தான் ஒரு பொம்மை செஞ்சு குடுத்தேன்.”

“பண்டிதருக்குப் பொம்மை எதுக்கம்மா?”

“ஒத்தைக்கால் தலையாட்டிப் பொம்மை. நாளைக்கு எங்க நாப்பது பேருக்கும் பதிலா அதுதான் எதிர்ல உக்காருதாம். சபை மாடிக்கு அறுபத்துமூணு படி, நாங்க ஏற முடியாதில்ல.”

ஆவுடையானுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. “நாளைக்கு நாற்பது பேரும் முற்றத்தில் வந்து உட்காருங்க. யார் மேலே கூப்பிட்டாலும் அசையாதீங்க” என்று சொல்லி அனுப்பினான்.

மறுநாள் பண்டிதர் பாடி முடித்தார். பொம்மைத் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது ஆடியது. “புரிந்துவிட்டது மகாராஜா. பேழையைத் திறக்கச் சொல்லுங்கள்.”

ஆவுடையான் எழுந்தான். “இவரிடம் எனக்கும் சில சந்தேகம் உண்டு” என்று பொம்மை முன்னால் பவ்யமாக உட்கார்ந்தான். “ஐயா, பண்டிதர் பெரிய மேதாவிதானே?” ஒரு தட்டு. தலை ஆடியது. “இல்லை, அடிமுட்டாளா?” ஆடியது. “நம் மகாராஜா நன்றாக ஆள்கிறாரா?” ஆடியது. “இல்லை, ஏதோ ஒப்பேற்றுகிறாரா?”

மறுபடி ஒரு தட்டு. பொம்மை சந்தோஷமாகத் தலையாட்டியது.

ராஜா அதிரூபவர்மர் மீசையைத் தடவினார். “போதும். நிஜமான ஆட்களை வரச் சொல்.”

“முற்றத்தில்தான் இருக்கிறார்கள் மகாராஜா. படி ஏற முடியாது.”

“தூக்கி வந்தால் போயிற்று” என்றார் பண்டிதர்.

“தூக்கி வர அவர்கள் என்ன நெல் மூட்டையா? மகாராஜா, யானை நூல் எங்கே அரங்கேறியது?”

“முற்றத்தில். யானை எப்படியப்பா படி ஏறும்?”

“அன்றைக்கு யானைக்காகச் சிம்மாசனமே இறங்கியது” என்றான் ஆவுடையான்.

ராஜா எழுந்தார். விறுவிறுவென்று படி இறங்கினார். சிம்மாசனம் பின்னாலேயே வந்தது.

கீழே பண்டிதர் மறுபடி பாடினார். நாற்பது தலையில் ஒன்றும் ஆடவில்லை. உரை சொன்னார். ஆடவில்லை. உரைக்கு விளக்கம் சொன்னார். அதற்கு உரையே தேவலை என்று ஆகிவிட்டது. வெயில் உச்சிக்கு வந்தது. அவர்கள் தலையாட்டாமல் ராஜாவும் எழுந்து சாப்பிடப் போக முடியாது, அதுதான் வழக்கம்.

“பண்டிதரே, எனக்கே தலை சுற்றுகிறதே தவிர ஆடவில்லை” என்றார் ராஜா. “வைத்தியரே, நீர் சொல்லும்.”

ஏகாம்பரம் இதற்காகத்தான் காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். நாலு பேர் பேசுகிற தமிழில் சொன்னார். “காலையில் எழுந்ததும் தொடையை இருபது தரம் தூக்கி இறக்குங்க. மரக்காலுக்குள்ளே இலவம்பஞ்சுத் திண்டு வைங்க. முதல் நாளே ஏரிவரைக்கும் போகாதீங்க, வாசல்வரைக்கும் போதும்.” அவர்களில் காது கேட்காத தச்சருக்கு அதையே செய்து காட்டினார். கண் தெரியாத தவில்காரரின் கையை எடுத்துத் திண்டின்மேல் வைத்தார்.

பூவாயி கையைத் தூக்கினாள். “திண்டு வேர்வையில நனைஞ்சு புண்ணாக்குது சாமி. ரெண்டு திண்டு வச்சு மாத்தி மாத்திப் போடணும்.”

“அது எனக்குத் தோணவே இல்லையேம்மா” என்று வைத்தியர் ஓலையை எடுத்து அங்கேயே எழுதிக்கொண்டார். அப்போது முதலில் ஆடியது பூவாயியின் தலை. பிறகு நாற்பதும் ஆடின.

ராஜா மனம் நிறைந்து சிரித்தார். வைத்தியர் இதையே சந்தைக்குச் சந்தை போய்ச் சொல்லவும் செய்து காட்டவும் ஆணையிட்டார். “ஆவுடையா, உனக்கு என்ன வேண்டும், கேள்.”

“மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுங்கள். அடுத்த தடவை அவர்களே மேலே வரட்டும்.”

“போட்டாயிற்று. ஆனால் நூலைத்தான் நாற்பது பேரும் தலையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களே. பேழைக்குள் எதை வைப்பது?”

“பண்டிதரின் செய்யுளை வைத்துப் பூட்டுங்கள் மகாராஜா. கூடவே அந்தப் பொம்மையையும் வையுங்கள். அது ஒன்றுக்குத்தான் முழுக்கப் புரிந்தது.”