புதுவலசு அண்ணன் தம்பிகள் கார்க் கதவைச் சரிசெய்தது

காங்கேயத்துக்குத் தெற்கே புதுவலசு என்ற ஊரில் சிவமலை, நாச்சிமுத்து, வையாபுரி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேரும் தங்கமானவர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னதை அப்படியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. ஓட்டத் தெரிந்தவன் கடைசித் தம்பி வையாபுரி மட்டும். ஒரு சனிக்கிழமை காலையில் அந்தக் காரின் டிரைவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறக்க மாட்டேன் என்றுவிட்டது. கைப்பிடியை இழுத்தால் அது பாட்டுக்கு வந்தது, போனது. உள்ளே இருப்பவர் திறந்தால் மட்டும் திறந்தது. மற்ற மூன்று கதவுகளும் நன்றாக இருந்தன. அதனால் அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் தாராபுரத்தில் அவர்களுடைய ஒரே தங்கை தெய்வாத்தாளின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். "எங்க அண்ணமாரு சீர்த்தட்டோட சொந்தக் கார்ல வந்து எறங்குவாங்க" என்று அவள் மாமியாரிடம் ஆறு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாள். வீட்டுப் பெண்கள் ஒத்தாசைக்கென்று இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டார்கள். யோசனை சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மெக்கானிக் ராக்கியப்பன் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இருந்தார். போனில் பிடித்தார்கள்.

"பெரிய வேலையே இல்லீங்கண்ணா. உள்ள ஒரு கம்பி கழண்டிருக்கும், நீங்களே பண்ணிறலாம். மொதல்ல எண்ணெய் உட்டு ஒரு மணி நேரம் ஊற வைங்க. ஆனா ஒண்ணு, நல்லா இருக்கற மத்த மூணு கதவையும் தொட்டுராதீங்க."

போனை வைத்ததும் நாச்சிமுத்து கேட்டான். "என்ன எண்ணெய்னு சொல்லலீங்களே, அண்ணா?"

"இன்னிக்குச் சனிக்கிழமை. நல்லெண்ணெய்தான்" என்றார் சிவமலை.

நான்கு மிளகு போட்டு எண்ணெயைக் காய்ச்சி, கதவுக்கு மேலிருந்து கீழ் வரை சூடு பறக்கத் தேய்த்தார்கள். ஒரு மணி நேரம் ஊறியது. தேய்த்த எண்ணெயை அப்படியே விட முடியாது என்பதால் வெந்நீர் வைத்துச் சீயக்காய் போட்டு அலசினார்கள். சாம்பிராணி காட்டலாமா என்று வையாபுரி கேட்டான். அது பொம்பளைங்களுக்கு என்று சிவமலை தடுத்துவிட்டார். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாது என்பது நினைவு வந்தது. அதனால் கார் கண் அசராமல் இருக்க வையாபுரி அரை மணிக்கு ஒரு தரம் ஹாரன் அடித்தான்.

மறுபடி போன் செய்தார்கள்.

"சரிங்க, இப்பச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்க."

வையாபுரி சாவியைக் கீழே போட்டான். குனிந்து அதைத் திருப்பினான். மூவரும் பார்த்தார்கள்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டோமுங்க. அந்தப் பக்கமும் இதே மாதிரிதான் இருக்குது."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதுங்களா? அப்பப் பூட்டுல கோளாறு இல்லை, கம்பிதான். கதவுக்கு உள்பக்கம் நாலு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழட்டுனா கம்பியை மூடியிருக்கற அட்டை கையோட வந்துரும். எந்த ஸ்க்ரூவை எங்க எடுத்தீங்களோ அங்கயே போடோணும். மாறிப் போச்சுன்னா அப்புறம் சேராது."

நாச்சிமுத்து முதல் ஸ்க்ரூவைக் கழற்றினான். மாறிப் போவதற்குள் அதை எடுத்த இடத்திலேயே போட்டு முடுக்கினான். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அட்டை வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் அட்டை வரவில்லை.

"நாலையும் கழட்டுனீங்களா?" என்று ராக்கியப்பன் கேட்டார்.

"பன்னெண்டு கழட்டியாச்சுங்க" என்றான் நாச்சிமுத்து.

பிறகு ராக்கியப்பன் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "கழட்டறதைத் தரையில வைங்க. நாலும் தரைக்கு வந்தப்புறம் அட்டையை இழுங்க. இழுத்துட்டுக் கையை உள்ள உட்டு, தொங்கற கம்பியை எடுத்து மாட்டுங்க."

அட்டை வந்தது. நாச்சிமுத்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். அவன் துழாவின துழாவலில், தொங்கிக்கொண்டிருந்த கம்பி டக்கென்று தன் இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. உள்கைப்பிடிக்குப் போகிற நல்ல கம்பி அவன் கையோடு வெளியே வந்துவிட்டது.

"எதுலீங்க மாட்டறது?" என்று நாச்சிமுத்து அண்ணனைக் கேட்டான்.

மூவரும் வீட்டுக்குள் போய்ச் சுவர் சுவராகப் பார்த்தார்கள். ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. அதில் தேதி காலண்டர் தொங்கியது.

"காலண்டரை எடுத்துட்டா நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு எப்படித் தெரியும்?" என்று வையாபுரி கவலைப்பட்டான்.

"நாபகம் வெச்சுக்கலாம்" என்று சிவமலை முடிவு சொன்னார். காலண்டரை இறக்கிவிட்டுக் கம்பியை மாட்டினார்கள். கோணாமல் தொங்குகிறதா என்று எட்ட நின்று பார்த்து, ஒரு தரம் நேராக்கினார்கள். பிறகு வந்து அட்டையை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கினார்கள்.

"மாட்டியாச்சுங்களா?" என்று ராக்கியப்பன் போனில் கேட்டார்.

"நேரா மாட்டியாச்சுங்க."

"இப்ப வெளிய இருந்து தொறங்க பாக்கலாம்."

வையாபுரி கைப்பிடியைத் தொட்டதும் கதவு வெண்ணெய் மாதிரித் திறந்தது. ராக்கியப்பனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வண்டியைத் துடைக்க உள்ளே ஏறிய வையாபுரி வெகு நேரமாக வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் உள்கைப்பிடியை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து திறந்து அவனை இறக்கிய பிறகு மூவரும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள்.

"வெளிய தொறக்கலைன்னுதான் கொறை. இப்பத் தொறக்குது. அதனால கதவு சரியாயிருச்சு" என்றார் சிவமலை. "உள்ள இருந்து எப்படி எறங்கறதுங்கறது வேற விசயம்."

"மத்த கதவு...?" என்று ஆரம்பித்தான் நாச்சிமுத்து.

"தொடாதீங்கன்னு மெக்கானிக்கு சொன்னதைக் கேட்டீல்ல?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பத் தாராபுரத்துல நாம எறங்கோணும்னா, அங்க மண்டபத்து வாசல்ல ஒரு ஆள் நின்னு கதவைத் தொறக்கோணும். முன்னப் பின்னப் பழக்கமில்லாத ஆளை நம்ப முடியாது. வையாபுரி, நீ காலைல பஸ்ல போயி நின்னுக்க. நாங்க ரெண்டு பேரும் கார்ல வந்தர்றோம்."

இதில் ஒரு பிழையும் யாருக்கும் தென்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸுக்கு வையாபுரி போனான். சிவமலையும் நாச்சிமுத்தும் பட்டுக்கரை வேட்டி கட்டி, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். நாச்சிமுத்து கதவைச் சாத்தினான். கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரும் நேராகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தெய்வாத்தாள் போன் செய்தாள். "கெளம்பீட்டீங்களாண்ணா?"

"ஏழரைக்கே கார்ல ஏறியாச்சு, சாமி" என்றார் சிவமலை.

"இப்ப எங்க இருக்கறீங்க?"

சிவமலை வெளியே எட்டிப் பார்த்தார். "ஒரு வேப்பமரம் தெரியுது."

"சரி சரி, பைய வாங்க" என்று அவள் நிம்மதியாக வைத்துவிட்டாள்.

பத்து மணி ஆனது. பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. மண்டபத்தில் மாமியார் வீட்டுச் சனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். அங்கே வையாபுரி ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"சின்னண்ணா, நீயும் தாய்மாமன்தானே! வந்து உக்காரேன்!"

"நான் கதவு தொறக்க வந்திருக்கறேன், சாமி. உள்ள வந்துட்டா அவங்க எப்படி எறங்குவாங்க?"

அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவன் அசையவில்லை. கடைசியில் நாற்காலியை வாசலுக்குத் தூக்கி வந்து, அவனை உட்கார வைத்து, குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி அங்கேயே வந்து குத்தினார். குழந்தை வீரிட்டது. வையாபுரிக்கும் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. ஆனாலும் கண்ணை ரோட்டை விட்டு எடுக்கவில்லை.

"கூடப்பொறந்தவங்க வர்ற வழியை எப்படிப் பாக்கறாரு பாரு" என்று மாமியார் உருகிப் போனார். தெய்வாத்தாளின் மானம் அப்படித்தான் தப்பியது.

பந்தி முடிந்தும் கார் வரவில்லை. வையாபுரி சாப்பிடாமலே பஸ் ஏறினான். வழியில் தென்பட்ட பள்ளத்தையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். கார் வாசலில் நின்றிருந்தது. உள்ளே அண்ணன்மார் இருவரும் தலை சாய்ந்து நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். ஓடிப் போய்க் கதவைத் திறந்தான்.

சிவமலை விழித்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார். "வந்தாச்சா? ஒரு குலுக்கல் இல்லை. ரோடு நல்லாப் போட்டுருக்கறாங்க."

"அண்ணா, இது நம்ம ஊடுங்க."

"நீ எங்க கதவு தொறக்கறதுன்னு பேச்சு?"

"தாராபுரத்துல."

"இப்பத் தொறந்தயா இல்லியா?"

"தொறந்தேனுங்க."

"அப்புறம் என்ன?"

வையாபுரி யோசித்துப் பார்த்தான். கதவைத் திறந்த இடம் தாராபுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. மூவரும் சீர்த்தட்டோடு உள்ளே போய், கூடத்தில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் போனது. இலை வரவில்லை. வாங்க என்று சொல்லக்கூட ஆள் வரவில்லை.

"தெய்வா இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கலை" என்றார் சிவமலை. "சரி உடு. தட்டை வெச்சுட்டு எந்திரிங்க. ஊட்டுக்குப் போயிப் பழைய சோறு இருந்தாக் குடிச்சுக்கலாம்."

அண்ணன்மார் இருவரும் போய்க் காரில் ஏறினார்கள். நாச்சிமுத்து கதவைச் சாத்தினான்.

"நீங்க வாங்கண்ணா, நான் முன்னால போயி நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வையாபுரி ரோட்டுக்கு ஓடினான். அங்கே நின்றிருந்தவரிடம், புதுவலசு போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டான்.