ஆயிரத்துப் பதிமூன்று

குலசேகரன் எதையும் சட்டென்று நம்பமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பம்ப் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு மென்பொருள் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தவர். கற்றுக்கொடுத்தவர் அதே அலுவலகத்தில் இருக்கும் அமலோற்பவம். அவரைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மேடம்தான் என் குரு" என்பார் குலசேகரன்.

முதல் நாளே குரு ஒன்று சொல்லியிருந்தார். "எழுதினதை நம்பாதீங்க சார். ஓட்டிப் பாருங்க. ஓடினாலும் நம்பாதீங்க."

குலசேகரன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். டீ நேரத்தில் அவரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள்.

"வருஷா வருஷம் கம்ப்யூட்டர் வேகமாகுது. அதே பைலைத் திறக்க முன்னைவிட நேரமாகுது. இது முன்னேற்றமா?"

சிரிப்பார்கள்.

"ஏஐக்கு எல்லாம் தெரியும். 'தெரியாது'ன்னு சொல்ல மட்டும் தெரியாது."

இன்னும் சிரிப்பார்கள்.

"பிசிக்ஸ்காரங்க பத்துப் பரிமாணம்கிறாங்க. ஒண்ணையாவது அளந்து காட்டட்டும், பார்ப்போம்."

அந்த வருடம் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை வந்தது. கடலோர ஊர் ஒன்றில் ஓடை பெருகினால் தெருவுக்கு முன்கூட்டியே சைரன் ஒலிக்க வேண்டும். ஓடையின் அடியில் ஒரு கருவி. தன்மேல் அழுத்தும் எடையை அது சொல்லும். அதில் தண்ணீரின் எடையும் உண்டு, தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றின் எடையும் உண்டு. காற்றைக் கழித்தால் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

காற்றுக்கு, கடல் மட்டத்தில் வழக்கமாக இருக்கும் ஆயிரத்துப் பதிமூன்று மில்லிபார் என்று போட்டுக் கழித்தார் குலசேகரன். முழுதும் தன் கையாலேயே எழுதினார். ஒரு வரிகூட ஏஐ எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

கூட்டத்தில், புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் செண்பகவல்லி எழுந்தாள்.

"சார், இந்த ஆயிரத்துப் பதிமூணு எப்பவும் மாறாதா?"

"இது உங்க கேள்வியா, ஏஐ கேட்ட கேள்வியா?"

அவள் தயங்கினாள். "ஏஐதான் காட்டுச்சு சார். ஆனா எனக்கும் பதில் தெரியலை."

"அப்ப அதையே கேளுங்க. பத்துப் பதில் சொல்லும்."

அறை முழுக்கச் சிரித்தது. செண்பகவல்லி உட்கார்ந்து நோட்டை மூடினாள். அன்றைக்கு அவள் டீ குடிக்க வரவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. புயல் நெருங்க நெருங்கக் காற்றின் எடை குறைந்தது. இருபத்திரண்டு குறைந்தது. புரோகிராம் மட்டும் பழைய எடையையே கழித்துக்கொண்டிருந்தது. ஓடையில் இருந்த தண்ணீரில் ஒரு சாண் அதன் கணக்கில் வரவில்லை.

சைரன் நாற்பது நிமிடம் தாமதமாக ஒலித்தது. அதற்குள் தண்ணீர் வீடுகளுக்குள் வந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பலரைக் கூரையிலிருந்துதான் இறக்கினார்கள்.

செய்தி வந்ததும் குலசேகரன் முதலில் கருவியில் பழுது தேடினார். பிறகு வயரில் தேடினார். கடைசியில்தான் தன் வரியைப் பார்த்தார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

காற்றையும் தனியாக அளக்க ஒரு கருவி வைத்துத் திருத்தினார். அறிக்கை எழுதி குருவிடம் கொண்டுபோனார்.

அமலோற்பவம் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். "'எந்த மென்பொருளும் நூறு சதவீதம் நம்பத்தக்கதல்ல.'"

நிமிர்ந்தார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அறிக்கையைக் கேட்கலை. அந்த ஆயிரத்துப் பதிமூணை."

குலசேகரன் தலை குனிந்தார். முதல் வரியை அடித்தார். 'என் தவறு' என்று எழுதினார்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டேனே மேடம். இது எப்படித் தப்பிச்சுது?"

"செண்பகவல்லி கேட்டப்ப எதைச் சோதிச்சுப் பார்த்தீங்க?"

அறிக்கையைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "கேட்டது யாருன்னு."

அமலோற்பவம் பேனாவை வாங்கி, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

"நீங்க எதுக்கு மேடம்?"

"அன்னைக்கு நானும் சிரிச்சேன். அந்த வரியையும் பார்த்தேன். நீங்க எழுதினதாச்சேன்னு தாண்டிப் போயிட்டேன்." எழுந்தார். "கிளம்புங்க. அந்தத் தெருவுக்குப் போவோம்."

போகும் வழியில் செண்பகவல்லியின் மேசை முன்னால் குலசேகரன் நின்றார். எல்லாரும் பார்த்தார்கள்.

"நீங்க கேட்டது சரி. நான் பேசினது தப்பு."

"அது சரியான்னு எனக்கே தெரியாது சார்," என்றாள் அவள். "தெரியலைன்னுதான் கேட்டேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஓடைத்தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. சுவர்களில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு. கடைசி வீட்டில் தனபாக்கியம் என்ற அம்மாள் பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் அவர் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார்.

குலசேகரன் தான் யார் என்று சொன்னார். தவறு தன்னுடையது என்றும், இப்போது அதைத் திருத்திவிட்டதாகவும் சொன்னார்.

அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி படியைத் தொட்டப்பவே பார்த்தேன் தம்பி. இவரைத் தூக்கிட்டுப் போயிடலாம்னுதான் நெனச்சேன். பக்கத்து வீட்டுல, 'சைரன் அடிக்கலையே, ஏன் பதறுறீங்க'ன்னாங்க. அதுவும் சரிதானேன்னு இருந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இவரை மேசை மேல ஏத்தி, மூணு மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். படகு வர்ற வரைக்கும்."

குலசேகரன் அந்த மேசையைப் பார்த்தார். ஒரு கால் ஊறி வீங்கியிருந்தது. உலகத்தில் எதையுமே நம்பாத அவர் எழுதிய வரியை ஒரு தெருவே நம்பியிருக்கிறது. யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்ட ஒருத்தியையும் அவர் உட்காரவைத்துவிட்டார்.

"திருத்திட்டதாச் சொல்றீங்களே," என்றார் தனபாக்கியம். "இனிமே அந்தச் சைரனை நம்பலாமா?"

குலசேகரன் குருவைப் பார்த்தார்.

அமலோற்பவம் அந்த அம்மாளின் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

"திருத்தியிருக்கோம்மா. ஆனா தண்ணி படியைத் தொடுறதை நீங்க பார்த்துட்டா, அதுக்கப்புறம் எங்களைக் கேட்காதீங்க. ஐயாவைத் தூக்கிட்டுக் கிளம்பிடுங்க."