பூஜ்யம் லிட்டர் பால்

சுத்தி வளைக்காம சொல்றேன். எங்க பால் சொசைட்டியில பால் அளக்குற பொற்கொடி அக்கா, பால் வரவைப் பதிய ஒரு சாஃப்ட்வேர் எழுதி, யார் வேணா எடுத்துத் திருத்திக்கலாம்னு இணையத்துல இலவசமா போட்டாங்க. அவங்க பேரை அழிக்கக் கூடாது, எடுத்தவங்களும் மத்தவங்க திறந்து பார்க்க முடியாம பூட்டி வைக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

ஒருநாள் சாஃப்ட்வேர் விக்கிற ஒரு கம்பெனியோட மேனேஜர் ஞானசிகாமணி கோட்டு சூட்டோட வந்து இறங்கினார்.

"இந்தம்மா எங்க சாஃப்ட்வேரைத் திருடிட்டாங்க. வேலையை விட்டு அனுப்புங்க!"

சொசைட்டித் தலைவர் முழிச்சார்.

"நான் எழுதினதைத்தான் சார் இவர் விக்கிறாரு" என்றாங்க அக்கா.

"நிரூபிங்க பார்ப்போம். ஆனா உள்ளே திறந்து பார்க்கக் கூடாது. அது கம்பெனி ரகசியம்."

"திறக்கவே வேண்டாம். உங்க லேப்டாப்ல பால் அளவு பூஜ்யம்னு போடுங்க."

மேனேஜர் இளக்காரமா சிரிச்சுக்கிட்டே போட்டார். திரையில வந்துச்சு: 'இன்னைக்கும் செவலை உதைச்சிருச்சா?'

"யாரும்மா செவலை?" தலைவர் கேட்டார்.

"எங்க வீட்டு மாடு சார். விளையாட்டுக்கு எழுதி வச்சேன். இவரே எழுதினதுன்னா, இவரையும் அதுவா உதைச்சுது?"

மேனேஜர் பட்டுனு லேப்டாப்பை மூடினார்.

"எடுத்ததுக்குக் கோபமில்ல சார், எடுக்கத்தான் போட்டேன். பூட்டைக் கழட்டி, என் பேரைப் போட்டு வித்துக்கங்க."

"அம்மா வேலையில இருக்கட்டும், நீங்க கிளம்புங்க" என்றார் தலைவர்.

வாசல்ல ஒரு செவலை மாடு நின்னுச்சு. மேனேஜர் நாலடி தள்ளிச் சுத்திக்கிட்டுப் போனார்.