பார்லெந்தின் பிள்ளை ஏன் சத்தம் போடுவதில்லை

டக்... டக்... என்று வீதிக்கோடியில் கோல் தட்டும் சத்தம். அதன் பின்னாலேயே யாரோ எச்சில் கூட்டி விழுங்குவதுபோல ஒரு 'களக்'.

சொற்களுக்குக் கையும் காலும் இருந்து, அவை வீடு கட்டிக் குடித்தனம் நடத்திய அந்தக் காலத்தில், பிரெஞ்சுச் சொற்களின் வீதியில் பொழுது சாய்ந்தால் இந்தச் சத்தம்தான். வருவது ஓசைவிழுங்கி. அதற்குக் கண் கிடையாது. காதுதான் முறம் மாதிரி இரண்டு. வாசலில் நின்று, "பேரென்ன?" என்று கேட்கும். சொல்லாகப் பிறந்தவள் பேரைக் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். மறுத்தாலும் பொய் சொன்னாலும் நின்ற இடத்திலேயே பொடிப்பொடியாக உதிர்ந்துபோவாள். பேரைச் சொல்லச் சொல்ல, அது கோலால் அசையைத் தட்டி எண்ணும். ஓரசை என்றால் போய்விடும். ஈரசை என்றால் இரண்டாவது அசை அதன் வாய்க்குள். அந்த இரண்டாவது அசைதான் அவள் பெற்ற பிள்ளை; அவள் கையில் இருக்கும்வரைதான் அது அவள் பேரில் சேரும்.

முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை போய்விட்டது. இன்று பேச்சு வீட்டின் முறை.

அந்த வீட்டில் ஐந்து மருமகள்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் பேசி முடித்துவிட்டுத்தான் இறக்குவார்கள். ஐந்து பேருக்கும் முன்பாதி ஒன்றே, 'பார்'. பிள்ளைகளைத் தாங்கும் கையும் ஒன்றே, 'ல்'. பிள்ளைகள்தான் வேறு வேறு. மூத்தவள் பார்லோன், 'பேசுகிறோம்' என்பவள். அடுத்தவள் பார்லே, 'பேசுகிறீர்கள்' என்பவள். இவர்கள் இருவருடைய மகள்களும் வளர்ந்த உருப்படிகள், கூப்பிட்டால் துறைமுகம்வரை கேட்கும். இளையவர்கள் மூவருக்கும் கைக்குழந்தை. 'பேசுகிறேன்' என்பவள் பார்லெ, 'பேசுகிறாய்' என்பவள் பார்லெஸ். எல்லோருக்கும் இளையவள் பார்லெந்த், 'பேசுகிறார்கள்' என்பவள். அவள் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"வரட்டும்டி, கத்தியே விரட்டிடுவோம்" என்றாள் பார்லோன்.

"உங்க பொண்ணு கத்துவா அக்கா. என் பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கலை." பார்லெந்த் ஜெபத்தை ஆரம்பித்தாள்; பாதியில் மறந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள்.

கையில் பிள்ளை வீறிட்டது. ஊரில் எல்லாப் பிள்ளையும் கீழே விட்டால் அழும்; இது தூக்கினால் அழும். "உன்னை மாதிரியே ஏறுமாறு" என்று ஓரகத்திகள் கேலி செய்வார்கள். பாயில் போட்டுக் கையை எடுத்துவிட்டால் பொட்டுச் சத்தம் இருக்காது. விழித்துக்கொண்டு கிடக்கும்.

பார்லெந்த் ஒரு நிமிடம் பிள்ளையையே பார்த்தாள்.

"அக்கா, நான் இதைக் கீழே விடப்போறேன்."

"எங்கேடி?"

"வாசப்படியில. அது எதிர்லயே."

"உனக்கு என்ன பைத்தியமா! ஒளிச்சு வைக்கிறதை விட்டுட்டு..."

"ஒளிச்சா கையில வச்சுத்தானே ஒளிக்கணும்? கையில வச்சா அழுமே அக்கா."

கோல் வாசலில் நின்றது. பார்லெந்த் பிள்ளையை வாசற்படியில் கிடத்தினாள். கையை எடுக்க முடியவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. கடைசி விரலையும் இழுத்து, கையைத் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"பேரென்ன?"

"பார்ல்" என்றாள்.

டக். ஒரே தட்டு. ஓசைவிழுங்கி அடுத்த தட்டுக்காகக் கோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒன்றும் வரவில்லை.

"பொய். இங்கே பால் வாசனை அடிக்குது. பிள்ளை இருக்கு."

"பொய் சொல்லியிருந்தா உதிர்ந்திருப்பேனே. நிக்கிறேனா இல்லையா?"

"அப்போ பிள்ளை எங்கே?"

"உன் காலடியிலதான் கிடக்கு. பாத்து எடுத்துக்கோயேன்."

அது குனிந்தது. முறக்காது பிள்ளையின் முகத்துக்கு மேலே வந்து நின்றது. காதிலிருந்த முடி மூக்கில் உரசியது. பிள்ளை வாயைத் திறந்தது. பிள்ளை நிதானமாக ஒரு கொட்டாவி விட்டு வாயை மூடிக்கொண்டது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பார்லெவும் பார்லெஸும் தூங்கிப்போயிருந்த தங்கள் பிள்ளைகளையும் மெல்லப் படியில் இறக்கிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"உன் பேர்?"

"பார்ல்."

"உனக்கு?"

"எனக்கும் பார்ல்தான்."

"மூணு பேருக்கும் ஒரே பேரா? என்னைக் கேணைன்னு நினைச்சீங்களா?" கோலை ஓங்கிக்கொண்டு மூத்தவர்கள் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்கடி, பேரென்ன?"

"காதைக் கொண்டா, சொல்றோம்" என்றாள் பார்லோன்.

இரண்டு பேரும் மகள்களை இடுப்பில் தூக்கி, ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டார்கள். "பார்-லோன்!" என்று ஒரு காதில். "பார்-லே!" என்று மறு காதில். இரண்டு முறமும் நடுவில் கிழிந்தன. ஓசைவிழுங்கி கோலைப் போட்டுவிட்டு, தன் அலறல் தனக்கே கேட்காமல் ஓடிப்போய்க் கடலில் விழுந்தது.

வீதியே விளக்கோடு வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கோலை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் செருகினாள். பார்லோன் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கத்துறதுக்கு நாங்க இருக்கோம்டி. கீழே விட்டு ஜெயிச்சவ நீ ஒருத்திதான். இனிமே பயமில்லாம தூக்கு."

"பக்கத்திலேயே கிடக்கட்டும் அக்கா. சத்தம் மட்டும் வேண்டாம்" என்றாள் பார்லெந்த். கடலில் விழுந்தது கரையேறாது என்று யார் கண்டது?

அன்று முதல்தான் பிரெஞ்சில் 'பேசுகிறேன்', 'பேசுகிறாய்', 'பேசுகிறார்கள்' மூன்றுக்கும் எழுத்தில் வால் வேறு வேறாக இருந்தும் காதுக்கு ஒரே 'பார்ல்'. 'பேசுகிறோம்', 'பேசுகிறீர்கள்' மட்டும் ஈரசையாக முழங்குகின்றன. பார்லெந்தின் பிள்ளை தாளில் எல்லார் கண்ணுக்கும் எதிரே படுத்திருக்கும். 'பேசுகிறார்களா?' என்று கேட்க உயிரெழுத்து ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் 'த்' என்று ஒரு சிணுங்கல் சிணுங்கும், அவ்வளவுதான். வருகிறவர்களோடெல்லாம் பேச வேண்டும் என்று அதுவரை சாத்தியே அறியாத பேச்சு வீட்டுக் கதவை, அன்றிரவு பிள்ளைகள் உள்ளே வந்ததும், பார்லெந்த் இழுத்துச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.