பச்சையில் நின்ற முள்

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுதான். தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கெல்லாம் திருமூர்த்தி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"எனக்கு பம்பு தெரியும். அவங்களுக்கு வானம் தெரியும். இதுல வயசு என்னத்துக்குங்க?"

பம்பு செட் செய்யும் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, அந்த வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவர் அவர். கற்றுக்கொடுத்தவர் கோகிலவாணி. பயிற்சிக் கழகத்தில் மற்றவர்கள் அவரை கேப்டன் என்று கூப்பிட்டார்கள். திருமூர்த்திக்கு அது வாயில் வரவில்லை. டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்.

உரிமம் கைக்கு வந்ததும் சும்மா இருந்திருக்கலாம். பட்டறையில் பழகிய கை சும்மா இருக்குமா? ஊருக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்டுவிட்டுப் பிறகு ஆடுகளுக்கு விட்டுவிட்ட பழைய ஓடுபாதை ஒன்று கிடந்தது. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒற்றை ஆள் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தானே கட்ட ஆரம்பித்தார். இறக்கை முடிந்தது, வால் முடிந்தது. இன்ஜினுக்கு வந்தபோதுதான் வினை வந்தது.

விமானத்துக்கென்றே செய்த இன்ஜினை வாங்கு என்றார்கள் எல்லோரும். அவர் கேட்கவில்லை. ஓடி ஓய்ந்த ஜப்பான் கார் ஒன்றிலிருந்து ரோட்டரி இன்ஜின் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தார். அதில் மேலும் கீழும் குத்துகிற பிஸ்டன் கிடையாது. மூன்று மூலை உள்ள ஒரு இரும்புக் கட்டி, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் அறைக்குள் சுற்றும். எடை குறைவு, அசைகிற பாகமும் குறைவு. அவருடைய மச்சான் அதற்கு 'ரெக்கை முளைச்ச கிரைண்டர்' என்று பெயர் வைத்தார். ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது.

"இது திடீர்னு நிக்காதுங்க டீச்சரம்மா," என்பார் திருமூர்த்தி. "நோவு வந்தாலும் இழுத்துப் புடிச்சு, வீடு கொண்டாந்து சேர்த்துட்டுத்தான் உயிரை விடும்."

"வீடு பக்கத்துல இருந்தாச் சரிங்கண்ணா," என்பார் டீச்சரம்மா.

ஒரே ஒரு குறைதான். அது கொதித்தது.

விமானத்தின் வாலைக் கல்தூணில் கட்டி, மூக்கைத் தூக்கி நிறுத்தி, முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். சுற்றியுள்ள மயில்கள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் பச்சையைத் தாண்டும், மஞ்சளைத் தாண்டும், சிவப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

"கார்ல நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு?"

"கார்ல யாருங்கண்ணா விடாம முழுசா மிதிச்சுட்டே போறாங்க? இங்க தரைய விட்டதுல இருந்து மேல போய்ச் சேர்ற வரைக்கும் முழு மிதிதான்."

சூடு மிஞ்சினால் உள்ளே தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் வெந்துபோகும். தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கும். தென்னந்தோப்புகளுக்கு மேல், இறங்க இடமே இல்லாத ஒரு இடத்தில், விமானம் சக்தியை இழந்துவிடும். இது இருவருக்கும் தெரியும்.

திருமூர்த்தி ரேடியேட்டரை மாற்றினார். இன்னொன்றைச் சேர்த்தார். காற்று உள்ளே போகத் தகரத்தில் குழல் வளைத்தார். அதைப் பிரித்து வேறு மாதிரி வளைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்டார்.

"எப்பங்க பறக்கலாம்?"

"முள்ளு பச்சையில நிக்கட்டுங்க."

இப்படியே வருஷங்கள் போயின. மூட்டு வலிக்க ஆரம்பித்தது. கொட்டகைச் சாவியைக் கையில் எடுக்கும்போதே அலுப்பு வந்தது. இன்றைக்காவது நேரத்தோடு வருவீர்களா என்று கேட்பதைக்கூட மனைவி விட்டுவிட்டாள். முன்பெல்லாம் அவருக்குப் பறக்க ஆசையாக இருந்தது. இப்போது பறந்து தொலைத்துவிட வேண்டும் என்று இருந்தது. ஒரே ஒரு தடவை மேலே போய் இறங்கிவிட்டால் போதும். கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். மச்சான் வாயையும் அடைத்துவிடலாம்.

அந்த அலுப்பில்தான் ஒரு நாள் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

சூட்டை அளக்கிற சென்சர், கொதிக்கிற தண்ணீர் இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் இருந்தது. அதைக் கழற்றினார். ரேடியேட்டரில் ஆறிவிட்டுத் திரும்பி வருகிற குழாயில் கொண்டுபோய் மாட்டினார். உள்ளே போகிற தண்ணீர்தானே முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தண்ணீரோடேயே காலம் தள்ளிய மனிதருக்கு எது முக்கியம் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அதை நம்பிக்கொண்டார்.

இன்ஜினை ஓடவிட்டார். முள் பச்சையில் நின்றது. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் வெயில் இறங்கிய பிறகு டீச்சரம்மா ஸ்கூட்டரில் வந்தார். நாள் முழுக்கப் பையன்களைப் பறக்கவிட்டு, கத்திக் கத்தி, தொண்டை கட்டிப்போயிருந்தது. வந்ததும் அங்கிருந்த குடத்துத் தண்ணீரைக் குடித்தார்.

"போடுங்கண்ணா, பாக்கலாம்."

வழக்கம்போல வாலைக் கட்டி ஓடவிட்டார்கள். மயில்கள் கத்தின. டீச்சரம்மா முள்ளைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய், ரேடியேட்டரில் இருந்து காற்று வெளியே வரும் பக்கத்தில் கையை நீட்டிச் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து அணைக்கச் சொன்னார்.

"என்ன பண்ணுனீங்க?"

"குழல் வாயைக் கொஞ்சம் சரிபண்ணுனனுங்க."

அதுவும் பொய்யில்லை. அதன் விளிம்பில் அரம் போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்குதுங்க டீச்சரம்மா. பறந்துடட்டுங்களா?"

டீச்சரம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"பறக்கலாமுங்கண்ணா," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பார்! கேட்டதும் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. அப்பாடா, முடிந்தது என்றுதான் இருந்தது.

"ஆனா புது விமானத்தை முதல் தடவ மேல எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க," என்றார் டீச்சரம்மா. "வெள்ளிக்கிழமை நீங்க எடுங்க. அதுக்கு முன்னால நான் ஒரு வட்டம் அடிச்சுப் பாத்துட்டு வந்துடறேன்."

"எப்பங்க?"

"இப்பத்தான். காத்தும் அடங்கியிருக்குது."

சொல்லிக்கொண்டே இறக்கையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். திருமூர்த்தி இறக்கை ஓரத்துக்கு வந்தார்.

"பெட்ரோல் கம்மியா இருக்குதுங்க."

"ஒரு வட்டத்துக்குப் போதுமுங்க."

"உங்களுக்குக் களைப்பா இருக்குமுங்களே. நாளைக்குப் பாத்துக்கலாமுங்க."

"தினமும்தான் களைப்பா இருக்குது. வால் கயித்தை அவுத்துடுங்க."

திருமூர்த்தி கல்தூண் பக்கம் போனார். தான் போட்ட முடிச்சுதான், அவிழ்க்க வரவில்லை. விரல்கள் வேறு யாருடையவோ போல் இருந்தன. இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொன்னால் வெள்ளிக்கிழமை போய்விடும். மறுபடி ரேடியேட்டர், மறுபடி தகரம், மறுபடி இதே சாயங்காலம். ஒரு வட்டம்தானே, ஒன்றும் ஆகாது என்று மனசு சொன்னது. கயிறு கழன்று விழுந்தது.

டீச்சரம்மா இருக்கைப் பட்டையை இழுத்துப் பூட்டினார். இன்ஜின் உறுமியது. முள் பச்சையில் நின்றது. அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மேல்மூடியை இழுத்துச் சாத்தக் கையை உயர்த்தினார். சக்கரங்கள் உருள ஆரம்பித்தன.

திருமூர்த்தி ஓடினார். மூட்டுவலி எங்கே போனதோ தெரியவில்லை. இறக்கையைப் பிடித்துத் தாவி ஏறி, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகினார். இன்ஜின் அடங்கியது. அவருடைய மூச்சு மட்டும்தான் கேட்டது.

"இறங்குங்க."

"ஏனுங்கண்ணா? முள்ளு பச்சையிலதான நிக்குது?"

"இறங்குங்கன்னு சொல்றனில்லீங்க! அந்த முள்ளு பொய் சொல்லுதுங்க. நாந்தான் சென்சரை ஆறுன தண்ணிப் பக்கம் மாத்தி வச்சேன். கொதிக்கறது அப்படியேதான் கொதிக்குது."

டீச்சரம்மா திட்டவில்லை. பட்டையைக் கழற்றினார். மெதுவாக இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். திருமூர்த்தியும் உட்கார்ந்தார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?"

"கைய நீட்டிப் பாத்தேன். வெக்கை துளிகூடக் குறையலீங்க. முள்ளு மட்டும் குறைஞ்சிருந்துச்சு."

"தெரிஞ்சுமா ஏறுனீங்க?"

"நீங்க விட மாட்டீங்கன்னு ஏறுனேன்."

திருமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர் அன்றைக்கு உயர்த்தினார்.

"விட்டிருந்தா? கயித்தை அவுத்துட்டனில்லீங்க! ரெண்டு சின்னப் புள்ளைகள வச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா உங்க வீட்டுல போயி நான் என்னன்னுங்க சொல்லுவேன்?"

டீச்சரம்மா அவர் பக்கம் திரும்பினார். மிகவும் களைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல போயி நான் என்னன்னுங்கண்ணா சொல்றதா இருந்துச்சு?"