தரைக்கு மட்டும் ஒரு மன்னிப்பு

ரொம்பப் பழைய காலமெல்லாம் இல்லை, போன மாசிவரைக்கும் ஒரு நாட்டியக்காரியின் வலது காலில் மூன்று பேர் குடியிருந்தார்கள். மேலே இடுப்பு மூட்டு, அதுதான் மூத்தது. கீழே பாதம், செல்லப்பிள்ளை. இரண்டுக்கும் நடுவே முழங்கால். நடுவில் பிறந்ததன் பாடு சொல்லவா வேண்டும்?

அவள் பெயர் ஹம்சவேணி. முழங்காலைப் பாதி மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தாளென்றால் கண்ணாடியில் பாதத்தை மட்டும்தான் பார்ப்பாள். இரண்டு பாதமும் பக்கவாட்டில் விரிந்து ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நியாயமாக அந்த விரிவு இடுப்பிலிருந்து வரவேண்டியது. ஆனால் இடுப்பு பாதிதான் திறக்கும். மீதியைப் பாதம் தரையை அழுத்திப் பிடித்துத் திருப்பிக்கொள்ளும். நடுவில் இருக்கும் முழங்கால் ஈரத்துணி மாதிரி பிழிபடும்.

“அண்ணே, இன்னும் கொஞ்சம் திறங்களேன். என்னால முடியல” என்றது முழங்கால்.

“இதுக்கு மேல வராதுப்பா. என்னை யாரு பதமா பழக்கினா? வந்ததும் வராததுமா ‘தெய்யா தெய்’னு குதிக்க ஆரம்பிச்சா, நான் என்ன பண்ணுவேன்?”

“தம்பி, நீயாவது கொஞ்சம் உள்ளே வாயேன்.”

“நல்லா இருக்கே! ‘பாதம் என்ன அழகு’ன்னு ஊரே சொல்லுது. அதைக் கெடுத்துக்கவா?” என்றது பாதம்.

முழங்கால் வீங்கிப் பார்த்தது. ஹம்சவேணி பட்டைத்துணியை இறுக்கிச் சுற்றி, பைஜாமாவைக் கீழே இழுத்துவிட்டாள். இதற்குப் பெயர் வைத்தியமாம், கொடுமை!

ஆடி முடித்ததும் மிதித்ததற்காகப் பூமியிடம் மன்னிப்புக் கேட்பது நாட்டியம் ஆடுகிறவர்கள் வழக்கம். முழுசாகக் குந்தி, இரு கையாலும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்தக் குந்தலும் முழங்கால் தலையில்தான் விழும்.

“மன்னிப்பு யாருக்கோ. மடங்க மட்டும் நான்” என்று அது தினமும் முனகும். முனகி முனகி அதற்கே அலுத்துவிட்டது.

சிவராத்திரிக்கு மூன்று நாள் இருந்தது. கோயில் மேடையில் அவள் ஆட்டம். அன்று சாயங்காலம் ஒத்திகை முடிந்து வழக்கம்போலக் குந்தினாள். முழங்காலுக்குள் படக்கென்று ஏதோ அறுந்தது. எழுந்திருக்க முடியாமல் அப்படியே தரையில் சரிந்தாள்.

“ஐயோ, மேடை ஏறணுமே” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“தம்பி, நாளையிலேர்ந்து திறக்கப் பழகிக்கறேன்டா” என்று இடுப்பு பதறியது. பாதம் மெல்ல உள்ளே திரும்பிக்கொண்டது.

அப்போதுதான் தரை முதல்முறையாகப் பேசியது.

“கோவிச்சுக்காதேப்பா. இத்தனை வருஷத்துல எனக்கு ஒருநாளும் வலிச்சதில்ல. இவ கேட்ட மன்னிப்பு அத்தனையும் உனக்கு வந்திருக்க வேண்டியது.”

முழங்காலுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

“நீங்களே வெச்சுக்கங்கம்மா” என்றது. “இனிமே அதைக் கேக்க அவளால குந்தவும் முடியாது.”